இடது காது ஒரே இரவில் போய்விட்டது, தலைக்குள் ஓயாத சத்தம். காரணம் தெரியாது என்கிறார்கள். இப்படி யாருக்காவது நடந்ததா?

உட்துறைமுகத்தான் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 52. திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துகிறேன். 31 வருடங்களாக இதுதான் தொழில். மாரியில் கடல் குமுறும்போது வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் எஞ்சின்களைக் கழற்றிக்கொண்டுவந்து என் கொட்டிலை நிரப்பிவிடுவார்கள். மாசியில் கடல் அடங்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நாளில் திருப்பித் தர வேண்டும். இந்த வருடம் அப்படியொரு மாசிச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் என் இடது காது போயிற்று.

முதல்நாள் இரவு தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு நிலாவெளியிலிருந்து ஒரு சம்மாட்டி தொலைபேசியில் அழைத்தார். என் வலது கையில் எப்போதும் ஏதாவது வேலை ஆயுதம் இருக்கும். அதனால் தொலைபேசியை இடது காதில் வைத்துத்தான் பழக்கம். மறுபக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசி பழுது என்று நினைத்தேன். அணைப்பதற்காகக் கை மாற்றியபோது வலது காதில் அவருடைய குரல் கேட்டது. அவர் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மத்தியானத்துக்குள் அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. எஞ்சினுக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் சூடு கூடினால் ஒரு பஸர் விடாமல் கத்தும். கடற்றொழில் செய்பவர்களுக்குத் தெரியும். அதே சத்தம், அதே சுருதி. அது கேட்டால் அந்தக் கணமே எஞ்சினை நிறுத்து, இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும் என்று எத்தனையோ பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அது என் தலைக்குள் கத்துகிறது. நிறுத்துவதற்கு ஆளி இல்லை.

முதலில் போன இடத்தில் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறும்பி இருக்கிறது, தடிமன் பிடித்திருக்கும் என்று சொட்டு மருந்தும் குளிசையும் தந்தார்கள். பத்து நாட்கள் கழித்து வரச் சொன்னார்கள். அம்மா நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி ஊற்றினார். நானும் சீசன் வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் மகள் எங்கேயோ வாசித்துவிட்டு ஓடிவந்து, "அப்பா, இது அவசரமாம்" என்று அழுதாள். அன்றே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் நடு நெற்றியில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். கேட்டல் பரிசோதனையில் இடது காதுக்குத் தாழ்ந்த சுருதியில், அதாவது 500 ஹேர்ட்ஸில், சத்தத்தை 60 டெசிபெல் வரை கூட்ட வேண்டியிருந்தது. 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே, உயர்ந்த சுருதியில், 85 டெசிபெல்லில்தான் ஏதோ தட்டுப்பட்டது. ஸ்டீராய்ட் குளிசை இரண்டு வாரம் எடுத்தேன். பிறகு செவிப்பறை ஊடாக மூன்று ஊசிகள் போட்டார்கள். தாழ்ந்த ஒலிகளில் 15 டெசிபெல் அளவு திரும்பியது. உயர்ந்த ஒலிகள் அப்படியே நின்றுவிட்டன. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை, கோணேசப் பெருமான் காப்பாற்றினார். இரத்தத்திலும் ஒன்றும் இல்லை. "காரணம் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தெரிய வருவதே இல்லை" என்றார் நிபுணர்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஓர் எஞ்சின் நின்றால் அதற்குக் காரணம் உண்டு. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், பிளக்கில் கரி பிடித்திருக்கும், கார்புரேட்டரில் உப்பு இறுகியிருக்கும். காரணம் தெரியாது என்று சொல்லி ஓர் எஞ்சினையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. இரவெல்லாம் விழித்திருந்து தேடுகிறேன். எஞ்சின் இரைச்சலா? அப்படியானால் ஏன் ஒரு காது மட்டும், ஏன் ஒரே இரவில்? போர்க்காலத்தில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து இரண்டு நாட்கள் காது அடைத்திருந்ததே, அதுவா? சிறுவயதில் மலேரியாவுக்கு விழுங்கிய குளோரோகுயினா? காது போவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் புரொப்பெல்லரில் சுற்றிய வலையை அறுக்க இரண்டு பாகம் ஆழம், ஏறக்குறையப் பன்னிரண்டு அடி, இறங்கினேன். அதுவாக இருக்குமா?

தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடும் எஞ்சினில் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேட்பேன். என் குரு கற்றுத்தந்த முறை. போன வாரம் பழக்கத்தில் இடது காதுக்குப் பின்னால் அழுத்திவிட்டேன். சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு கணம் காது திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, சத்தம் வலது பக்கத்தில் கேட்கிறது. அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாச் சத்தமும் எனக்கு இப்போது வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது. சந்தைக்கு முன்னால் ஹோர்ன் கேட்டு வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். முச்சக்கர வண்டி இடது பக்கத்தில் என் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இனியும் ஏதாவது வைத்தியம் இருக்கிறதா? இந்தச் சத்தத்தோடு எப்படி உறங்குகிறீர்கள்? ஒரு காதை வைத்துக்கொண்டு என் தொழிலைச் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

பாலையூற்று அக்கா எழுதியது:

தம்பி, நான் ஓய்வுபெற்ற தாதி. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் மட்டும் 11 வருடங்கள் நின்றிருக்கிறேன். உண்மையைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

72 மணித்தியாலத்துக்குள், கேட்டல் பரிசோதனை வரைபடத்தில் அடுத்தடுத்த மூன்று ஒலிகளிலாவது 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் விழுந்தால் அதைத் திடீர்ச் செவிட்டுத்தன்மை என்பார்கள். உங்களுக்கு வந்தது அதுதான். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. வைரஸ் என்றும், இரத்தம் தடைப்படுவது என்றும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்குவது என்றும் சந்தேகங்கள் உண்டு. உள்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது மெல்லிய ஒரே ஒரு நாடி. அது அடைபட்டால் வேறு வழி இல்லை.

நீங்கள் மெக்கானிக் என்பதால் இதை இப்படிச் சொல்கிறேன். கேட்கும் உறுப்பு ஒரு பட்டாணிக் கடலை அளவுதான். நத்தை ஓடு போலச் சுருண்டு, உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதற்குள் ஒலியை உணரும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது. உயிரோடு இருப்பவரின் உள்காதைத் திறந்து பார்க்கப் போனால், மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். உங்கள் வைத்தியர் தேட மறுக்கவில்லை, தம்பி. கழற்ற முடியாத எஞ்சின் அது.

ஸ்டீராய்ட் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கூடுதல் பயன். நீங்கள் பன்னிரண்டாம் நாள் தொடங்கியிருக்கிறீர்கள், அது கடைசி விளிம்பு. செவிப்பறை ஊசி, குளிசையால் போதிய பலன் இல்லாதவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் போடுவது. செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு இழந்ததை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். மயிர்க்கலங்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு காது திடீரென அடைத்தால் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ சளியோ. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். நெற்றியில் இசைக்கவை வைத்துப் பார்ப்பதும் இதற்குத்தான். தம்பியின் திருப்புளியும் அதையே சொல்லியிருக்கிறது: எலும்பு வழியாகப் போகும் ஒலி மண்டையோடு முழுவதும் பரவி, வேலை செய்யும் காதைத் தேடிப் போய்விடும்.

இனி அந்தச் சத்தம். அது காதில் இல்லை. செவி நரம்பையே வெட்டினாலும் பலருக்கு அது நிற்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய உயர்ந்த ஒலிகள் வராதபோது மூளை தன் பக்கத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்துத் தேடுகிறது. அதனால்தான் பெரும்பாலும் இழந்த ஒலியின் சுருதியிலேயே இரைச்சல் கேட்கும். உங்களுக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சில்வண்டோ விசிலோ கேட்கும். உங்களுக்கு 31 வருடங்களாக ஆபத்து என்று பழகிய பஸர் கேட்கிறது. உங்கள் நெஞ்சு படபடப்பதில் என்ன வியப்பு? அது ஆபத்து இல்லை என்று உடம்புக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். அறிகை நடத்தைச் சிகிச்சை என்று மனநலப் பிரிவில் இதற்குப் பயிற்சி உண்டு. அங்கே போவது உங்களுக்குப் பைத்தியம் என்பதற்காக இல்லை. காது இரைச்சலின் துன்பத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கும் சிகிச்சைகளில் அது முதன்மையானது. 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கிறது. கிங்கோ மூலிகை, துத்தநாகம் போன்ற மாத்திரைகளை வேண்டாம் என்கிறது.

தாழ்ந்த ஒலிகள் கொஞ்சம் திரும்பியிருப்பதால் கேட்டல் கருவி ஒன்றைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். வெளிச்சத்தம் உள்ளே போனால் இரைச்சலும் பலருக்குத் தணிகிறது. பேச்சு தெளிவாகாவிட்டால், இடது பக்கச் சத்தத்தைப் பிடித்து வலது காதுக்கு அனுப்பும் வகையும் உண்டு.

ஒரு கேள்வி. வலது காதின் வரைபடத்தை யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? 4000 ஹேர்ட்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மூதூர்க்கரை எழுதியது:

அண்ணா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் தையல் வேலை செய்கிறேன். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒன்பது வருடங்களாக இரண்டு காதிலும் இரைச்சல். கேட்பது கொஞ்சம்தான் குறைவு. உறக்கத்தைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதல் வருடம் நான் செய்த பிழை, அமைதியான இடத்தைத் தேடிப் போனது. கதவைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், பிள்ளைகளை உம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அமைதி கூடக்கூட இரைச்சல் கூடியது. சுபஹ் தொழுகைக்கு முன் ஊர் அடங்கியிருக்கும் அந்த நேரம்தான் மிகக் கொடுமை. படுக்கையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வேன். பொத்தினால் இன்னும் பெரிதாகக் கேட்கும்.

ஒருநாள் தையல் இயந்திரத்தில் வேலை செய்யும்போது ஒன்றை உணர்ந்தேன்: இரண்டு மணி நேரமாக அந்தச் சத்தத்தை நான் நினைக்கவே இல்லை. இயந்திரம் அதை மூடவும் இல்லை; நின்று கேட்டால் அடியில் இருந்தது. அன்றிலிருந்து இரவில் மேசை மின்விசிறியைச் சுவரைப் பார்க்க வைத்து ஓடவிடுகிறேன். காற்று மேலே படாது, சத்தம் மட்டும் வரும். மின்சாரம் போகும் இரவுகளுக்காகக் கையடக்கத் தொலைபேசியில் மழைச் சத்தம் பதிந்துவைத்திருக்கிறேன். அண்ணா, இதைக் கவனியுங்கள்: அந்தச் சத்தத்தை இரைச்சலை விடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். முழுவதும் மூடினால், நிறுத்தியவுடன் திரும்பவும் அதைத் தேடுவீர்கள். இரண்டும் கலந்து கேட்க வேண்டும்.

மற்றது, ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் "இன்று எப்படி இருக்கிறது" என்று காது கொடுத்துப் பார்க்காதீர்கள். அதை விடுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எழுந்த உடனே கோழிகளுக்குத் தீன் போட வெளியே போய்விடுவேன். இன்றும் நித்திரை குறைந்தால், மனம் நொந்தால் சத்தம் ஏறும். இறங்கும் என்பதும் தெரியும்.

காதுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம் அண்ணா. எனக்கும் உம்மா ஊற்றினார். அன்பால் செய்வதுதான். என் சின்னம்மாவுக்கு அப்படிச் சூடாக ஊற்றிச் செவிப்பறை வெந்துபோனது.

காரணம் தேடி நானும் அழுதிருக்கிறேன். பிள்ளை பெற்ற நேரம் போட்ட ஊசியா என்று வருடக்கணக்காகக் குடைந்தேன். யாரும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உங்களுக்காகத் துஆச் செய்கிறேன்.

உட்துறைமுகத்தான் எழுதியது:

அக்கா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. பட்டாணிக் கடலை அளவு, திறந்தால் போய்விடும் என்று அக்கா எழுதியதைப் பல தடவை வாசித்தேன். அதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். வலது காதின் வரைபடத்தை மகள் எடுத்துப் பார்த்தாள். 2000 வரை சரியாக இருக்கிறது, 4000இல் குழி விழுந்ததுபோல 45 டெசிபெல், 8000இல் கோடு திரும்ப மேலே ஏறுகிறது. இது என்ன?

பாலையூற்று அக்கா எழுதியது:

நான் பயந்ததுதான் தம்பி. 4000 ஹேர்ட்ஸில் விழும் அந்தக் குழி இரைச்சலின் அடையாளம். உங்கள் இடது காதைக் கொண்டுபோனது எதுவென்று எனக்குத் தெரியாது. வலது காதை மெல்ல அரித்துக்கொண்டிருப்பது உங்கள் எஞ்சின்கள். நீங்கள் தேடும் காரணம் இந்தக் காதுக்காவது கையில் இருக்கிறது, இதை நிறுத்தலாம்.

கணக்கைச் சொல்கிறேன். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் நிற்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். கொட்டிலுக்குள் தகரக் கூரையின் கீழ் எஞ்சினை முடுக்கும்போது நீங்கள் எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள்? நாளையிலிருந்து காதுமூடி இல்லாமல் ஒரு எஞ்சினையும் ஓடவிடாதீர்கள். கையால் உதவும் பையனுக்கும் சேர்த்து வாங்குங்கள். வலது காதில் சிறு மாற்றம் தெரிந்தாலும், சத்தம் நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலும், தலை சுற்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். இன்னொரு பன்னிரண்டு நாட்கள் வேண்டாம்.

வெண்சங்கு எழுதியது:

ஐயா எழுதிய "இரண்டு பாகம் ஆழம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் சாம்பல்தீவுப் பக்கம். சங்கும் கடலட்டையும் அள்ள 26 வருடங்கள் இறங்கியவன். வயது 58. இப்போது இறங்குவதில்லை.

பத்து மீற்றர் ஆழத்தில் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்து திறந்துதான் இறங்க வேண்டும். தடிமன் இருக்கும் நாளில் காது திறக்காது. ஆனால் கூலி அன்றைய அட்டைக்கு. மூக்கை இறுக்கிப் பிடித்து, முழுப் பலத்தோடு ஊதி இறங்குவோம். எனக்கு ஒருநாள் அப்படி ஊதியபோது வலது காதுக்குள் "டப்" என்றது. மேலே வந்ததும் வள்ளம் சுழன்றது, வாந்தி எடுத்தேன். மூன்று நாளில் தலைசுற்று நின்றது. காது திரும்பவில்லை. கூட இறங்கியவர்களில் பலருக்கும் இதே கதை. நாங்கள் அதை வருத்தம் என்று எடுப்பதில்லை, கடலுக்குக் கொடுத்தது என்போம்.

ஐயாவுக்கு இரண்டு வாரம் கழித்து, அதுவும் உறக்கத்தில் போயிருக்கிறது. எனக்கு நடந்தது அந்த இடத்திலேயே. அதனால் உங்களுடையது அந்த முங்குதல் என்று என் அனுபவத்துக்குப் படவில்லை. அதை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதினேன்.

எனக்கும் சத்தம் உண்டு. சங்கைக் காதில் வைத்தால் வருமே, அது. 14 வருடங்களாக. நான் ஒரு பரிசோதனைக்கும் போனதில்லை. என் மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டாள். அது காதை விடப் பெரிய இழப்பு ஐயா. போக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வயதில் போய் என்ன சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது.

பாலையூற்று அக்கா எழுதியது:

வெண்சங்கு அண்ணா, "டப்" என்ற சத்தமும் தலைசுற்றும் சேர்ந்து வந்தால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம். அப்போதே பார்த்திருக்க வேண்டியது. இப்போதும் கேட்டல் கருவியால் பயன் இருக்கலாம், 14 வருடம் என்பது காரணமே இல்லை. போய் என்ன சொல்வது என்றீர்கள். இங்கே எழுதியதை அப்படியே சொன்னால் போதும். உங்கள் பிள்ளைகள் யாராவது இன்னும் இறங்கினால், தடிமனோடு இறங்கக் கூடாது, பலவந்தமாக ஊதக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லுங்கள்.

உட்துறைமுகத்தான் எழுதியது:

மூன்று வாரங்கள் எழுதவில்லை. சீசன் வேலை.

மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன். முதல் நான்கு இரவுகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாம் இரவு நான்கு மணித்தியாலம் தொடர்ந்து உறங்கினேன். மாசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மனைவி எழுப்பாமல் விட்டுவிட்டாள், விடிந்து ஏழு மணி. தங்கச்சி, உங்கள் தையல் இயந்திரத்துக்கு என் கும்பிடு.

பஸர் அப்படியேதான் இருக்கிறது. அக்கா சொன்னதை வைத்து நானே ஒன்று செய்துபார்த்தேன். அது கத்தத் தொடங்கினால் ஓடும் எஞ்சினின் பின்னால் போய் நின்று, தண்ணீர் பீச்சுகிறதா என்று கண்ணால் பார்ப்பேன். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் பக்கத்துத் துவாரத்தால் ஒரு நூல் போலப் பீச்சும். பீச்சிக்கொண்டிருந்தால் சூடு இல்லை. கையை வைத்தும் பார்ப்பேன். "சூடு இல்லை" என்று வாயால் சொல்வேன். கொட்டிலில் எஞ்சின் ஓடாத நேரத்திலும், படுக்கையிலும்கூட இப்போது அதைச் சொல்கிறேன். நெஞ்சு படபடப்பது முன்போல இல்லை. மனநலப் பிரிவுக்கும் கடிதம் வாங்கியிருக்கிறேன். போவேன்.

காதுமூடி இரண்டு வாங்கினேன். பையன் முதலில் போட மறுத்தான். அவனுக்கு வயது 19. என் வரைபடத்தை எடுத்து 4000இல் விழுந்த குழியைக் காட்டினேன். அவன் பேசாமல் எடுத்துப் போட்டுக்கொண்டான். காதுமூடியோடு எஞ்சினின் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். திருப்புளியை வலது காதுக்குப் பின்னால், மூடிக்குக் கீழே எலும்பில் அழுத்தினால் பேரிங் பேசுகிறது. வெளிச்சத்தம் குறைந்திருப்பதால் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் எஞ்சினில் கீழ்ப்பக்கப் பேரிங் தேய்ந்திருப்பதை அப்படித்தான் பிடித்தேன். கழற்றிப் பார்த்தபோது சரியாக இருந்தது என் கணிப்பு. பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அவன் இப்போது என் இடது பக்கத்தில் வரும்போது கூப்பிடுவதில்லை, மேசையில் இரண்டு முறை தட்டுகிறான். அதிர்வு கைக்குத் தெரிகிறது. வீதியில் கடக்கும்போது ஹோர்ன் கேட்டால் முதலில் இடது பக்கம் பார்க்கப் பழகுகிறேன்.

காரணம் தெரியாதது இன்னும் உறுத்துகிறது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

வெண்சங்கு ஐயா, உங்களைப் பற்றித்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கேட்டல் கருவி போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வாருங்கள். பஸ்ஸில் வந்து இறங்கினால் நான் தரிப்பிடத்தில் நிற்பேன், வெள்ளைச் சாரமும் நீலச் சட்டையும். உங்கள் பதிவு வேலையை மகள் பார்த்துக்கொள்வாள். பரிசோதனை அறைக்கு வெளியே ஒரு நீளமான வாங்கு இருக்கிறது, எப்படியும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். எனக்கு இடது காது கேட்காது, உங்களுக்கு வலது. நீங்கள் என் வலப்பக்கத்தில் உட்காருங்கள். பேசிக்கொண்டிருக்கலாம்.